மாசுபட்ட மனையில் 3 மீட்டர் பள்ளம்: இறங்கி வேலை செய்பவர்களின் உடல்நல ஆபத்தை எப்படிக் கணக்கிடுவது?

குழாய்வழி எழுதியது:

வணக்கம். வண்டிப் பணிமனையும் எரிபொருள் தொட்டிகளும் முன்பு இருந்த ஒரு மனையில் கழிவுநீர்க் குழாய் பதிக்கும் வேலை. பள்ளம் 3 மீட்டர் ஆழம், 1.2 மீட்டர் அகலம். ஒரு நேரத்தில் 20 மீட்டர் நீளம் திறந்திருக்கும். நிலத்தடி நீர் 2.6 மீட்டரில் நிற்கிறது. 12 வாரம், வாரத்துக்கு 5 நாள் வேலை. குழாய் இணைப்பவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 4 மணி நேரம் பள்ளத்துக்குள் இருப்பார்கள்.

ஆய்வறிக்கையில் உள்ள எண்கள்: மண்ணில் ஈயம் கிலோவுக்கு 1,500 மி.கி., பென்சோ-ஏ-பைரீன் (எரிபொருள் முழுதாக எரியாதபோது உருவாகும் பொருள்) 5 மி.கி. நிலத்தடி நீரில் பென்சீன் (பெட்ரோலில் உள்ளது) லிட்டருக்கு 0.8 மி.கி., ட்ரைகுளோரோஎத்திலீன் (எண்ணெய்ப்பிசுக்கை நீக்கும் கரைப்பான்) லிட்டருக்கு 50 மைக்ரோகிராம். மண் மாதிரிகள் எல்லாம் மேல் அரை மீட்டரில் எடுத்தவை.

இவற்றை வணிகப் பயன்பாட்டு மனைக்கான வரம்புகளோடு ஒப்பிட்டுவிட்டு, "ஈயத்துக்காக முகக்கவசம் போதும், மற்றபடி வேலையாட்களுக்குக் குறிப்பிடத்தக்க ஆபத்தில்லை" என்று அறிக்கை முடிகிறது. அந்த நீரை யாரும் குடிக்கப் போவதில்லை என்பதால் நீர் சார்ந்த கணக்கே அதில் இல்லை. இதை அப்படியே ஏற்கலாமா? கூடாது என்றால் கணக்கை எங்கிருந்து தொடங்குவது?

நீர்மட்டம் எழுதியது:

ஏற்கக் கூடாது. அந்த அறிக்கை விட்டுவிட்ட வழிதான் இங்கே மிகப் பெரியது. நீரைக் குடிக்காவிட்டாலும் அதிலிருந்து எழும் ஆவியை உங்கள் ஆட்கள் சுவாசிப்பார்கள். நீர்மட்டத்துக்குக் கீழே போகிற ஒடுங்கிய பள்ளத்தில் அந்த ஆவிக்கு வெளியேற வழி குறைவு.

வணிகப் பயன்பாட்டு வரம்பு வேறு ஒருவரை மனதில் வைத்துச் செய்தது. 25 ஆண்டுகள் அந்த இடத்துக்கு வந்து போகிற, பெரும்பாலும் தரைக்கு மேலேயே இருக்கிற பணியாளர் அவர். குழாய் இணைப்பவரின் நிலை நேர் எதிரானது: காலம் குறைவு, நெருக்கம் அதிகம். புற்றுநோய்க் கணக்கில் குறைந்த காலம் அவருக்குச் சாதகம். மற்ற பாதிப்புகளில் அந்தச் சலுகை கிடையாது.

பள்ளத்துக் காற்றை முன்கூட்டியே மதிப்பிட ஒரு எளிய பெட்டிக் கணக்கு உண்டு. பள்ளத்தின் அடித்தரையில் நிற்கும் நீரிலிருந்து மணிக்கு எவ்வளவு ஆவியாகிறது என்று பார்த்து, அதைப் பள்ளத்தின் கொள்ளளவும் மணிக்கு எத்தனை முறை காற்று மாறுகிறது என்பதும் சேர்ந்த பெருக்கலால் வகுக்க வேண்டும். பென்சீன் நீரிலிருந்து காற்றுக்கு மாறும் குணகம் வினாடிக்குச் சுமார் 0.00127 செ.மீ. உங்கள் 0.8 மி.கி. என்பது கன மீட்டர் நீருக்கு 800 மி.கி. இரண்டையும் பெருக்கினால், ஒரு சதுர மீட்டர் நீர்ப்பரப்பிலிருந்து மணிக்கு 36.6 மி.கி. பென்சீன் எழும்.

அடுத்தது காற்று மாற்றம். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் பள்ளக் கணக்கு மாதிரியில், அகலத்தை ஆழத்தால் வகுத்து வருவது 1 அல்லது அதற்குக் கீழ் என்றால் மணிக்கு 2 முறைதான் காற்று மாறும் என்று கொள்கிறார்கள். 1-க்கு மேல் போனால் 360 முறை. உங்கள் பள்ளத்துக்கு 1.2 / 3 = 0.4. ஆகவே 2 முறை. 36.6-ஐ 3 மீட்டர் ஆழத்தாலும் (ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு அதுவே கொள்ளளவு) 2 முறையாலும் வகுத்தால் கன மீட்டருக்கு 6.1 மி.கி. பென்சீன், அதாவது 1.9 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அலகு). இதே நீர் அகலமான திறந்த குழியில் நின்றிருந்தால் கணக்கு 180 மடங்கு குறைந்திருக்கும். நீரின் மாசு மாறவில்லை, குழியின் வடிவம் மட்டுமே மாறியது. பள்ளத்தின் அளவைக் கேட்காமல் எழுதிய எந்த மதிப்பீட்டையும் நம்ப முடியாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

இதை உடல்நல அளவோடு ஒப்பிடும்போது ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. 60 வேலை நாளை 365-ஆல் வகுத்து ஆண்டுச் சராசரி எடுத்துவிடுவார்கள். புற்றுநோய் அல்லாத பாதிப்புக்கு, வேலை நடக்கும் காலத்துக்குள்தான் சராசரி எடுக்க வேண்டும். இங்கே அது 84 நாள். 6.1 × (4/24) × (60/84) = 0.73 மி.கி. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் பென்சீன் குறிப்புச் செறிவு (வாழ்நாள் முழுக்கச் சுவாசித்தாலும் பாதிப்பு எதிர்பார்க்கப்படாத அளவு) 0.03 மி.கி. முன்னதைப் பின்னதால் வகுத்தால் அபாய ஈவு 24 வருகிறது. 1-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். 365-ஆல் வகுத்தவருக்கு 5.6 தான் வந்திருக்கும். 0.03 என்பது நீண்டகால வெளிப்பாட்டுக்கான அளவு, 12 வாரத்துக்கு அது கறாரானது என்ற வாதம் நியாயமே. ஆனாலும் 24 என்பது அந்த வாதத்தால் 1-க்குக் கீழே வந்துவிடும் எண் அல்ல.

புற்றுநோய்க் கணக்கில் 70 ஆண்டுக்குப் பரப்ப வேண்டும். அதில் கன மீட்டருக்குச் சுமார் 2.4 மைக்ரோகிராம் வரும். கன மீட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கு இவ்வளவு புற்றுநோய் ஆபத்து என்ற மதிப்பின் மேல் அளவான 7.8 × 10⁻⁶-ஆல் பெருக்கினால் 1.9 × 10⁻⁵, அதாவது லட்சத்தில் இரண்டு.

இனி ட்ரைகுளோரோஎத்திலீன். 50 மைக்ரோகிராம் என்பது 800-க்குப் பக்கத்தில் சின்ன எண்ணாகத் தெரியும். அதே கணக்கில் பள்ளத்துக் காற்றில் கன மீட்டருக்கு 290 மைக்ரோகிராம் வருகிறது. 4 மணி நேரத்தை ஒரு நாளுக்குப் பரப்பினால் 49. குறிப்புச் செறிவோ 2 மைக்ரோகிராம்தான். கருவின் இதயக் குறைபாட்டையும் தைமஸ் சுரப்பியின் எடைக் குறைவையும் வைத்து வந்த அளவு அது. கருவின் இதயம் உருவாவது சில வாரங்களுக்குள் நடந்துவிடுவதால், இந்த ஒரு வேதிப்பொருளுக்கு நான் 60/84 கூடப் போடமாட்டேன். தினச் சராசரியை நேராக வைத்துப் பார்ப்பேன். ஈவு 24. குழுவில் கருத்தரிக்கும் வயதுப் பெண்கள் இருந்தால் இது முதல் நாளே தீர்க்க வேண்டிய கேள்வி.

தரை முழுக்க நீர் நிற்கிறது, நீரின் செறிவு குறையவே இல்லை என்று இந்தக் கணக்கு கொள்கிறது. எனவே உண்மையைவிடக் கூட்டித்தான் காட்டும். அளந்த காற்று கையில் வரும்வரை திட்டமிட இதுதான் இருக்கிறது.

தூசுமானி எழுதியது:

நீர் பற்றி மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். மண் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். அறிக்கை ஈயத்தைப் பிடித்தது சரி, வழியைத் தவறாகப் பிடித்திருக்கிறது.

முகக்கவசம் தூசுக்கு. மண்ணில் 1,500 மி.கி. ஈயம் இருக்கும்போது, காற்றில் ஈயம் கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்ற தொழிலக வரம்பைத் தொட எவ்வளவு தூசு வேண்டும்? 0.05 × 10,00,000 / 1,500 = 33 மி.கி. அது கண்ணைத் திறக்க முடியாத புழுதி. நுண்துகளில் ஈயம் இரண்டு மடங்கு செறிந்திருக்கிறது என்று வைத்தாலும் சுமார் 17 மி.கி. ஈரக்களிமண் பள்ளத்தில் அப்படிப் பறக்காது. ஈயம் இங்கே உள்ளே போவது கை வழியாக. கையில் ஒட்டிய மண் சாப்பாட்டோடும் தண்ணீர்ப் புட்டியின் வாயோடும் புகைப்பதோடும் போகிறது.

அதைக் கணக்கிட வயதுவந்தோருக்கான ஈயக் கணக்கு மாதிரி இருக்கிறது. அதன் இயல்பு மதிப்பு நாளுக்கு 50 மி.கி. மண், அது சாதாரணப் பணியாளருக்கு. தோண்டுகிறவருக்கு 100 மி.கி.யாவது வைக்க வேண்டும். 0.1 கிராம் மண்ணில் 150 மைக்ரோகிராம் ஈயம். அதில் 12 சதவீதம் உடலில் சேரும்: 18 மைக்ரோகிராம். ஒவ்வொரு மைக்ரோகிராமும் இரத்த ஈயத்தை டெசிலிட்டருக்கு 0.4 ஏற்றும். வாரத்தில் 5 நாள் என்பதால் 5/7. மொத்தம் 5.1 மைக்ரோகிராம் ஏற்றம். ஏற்கனவே உடலில் இருக்கும் 0.6-ஐச் சேர்த்தால் 5.7, இது நடுமதிப்பு. ஆளுக்கு ஆள் மாறும் பரவலுக்கு 1.8 என்ற வடிவியல் விலக்கத்தை வைத்து 95-ஆம் சதமானம் (நூறு பேரில் 95 பேர் இதற்குக் கீழே இருக்கும் அளவு) பார்த்தால் 15. கருவுக்கு அதில் 0.9 பங்கு, சுமார் 13.5. ஒப்பிடும் இலக்கு 5.

இரண்டு எச்சரிக்கை. இந்தக் கணக்கு மாதிரி குறைந்தது 90 நாள் தொடரும் வெளிப்பாட்டுக்கானது, உங்கள் 84 நாளுக்குக் கொஞ்சம் கூட்டிக் காட்டும். அதைவிட முக்கியம், 1,500 என்பது உச்சமா சராசரியா? இந்தக் கணக்கு மாதிரிக்குள் போக வேண்டியது ஆள் வேலை செய்யும் பகுதியின் கூட்டுச் சராசரி. உச்சத்தைப் போட்டால் மேலே வந்த எண்கள் எல்லாம் வீங்கியவை. மண் மாதிரிகளை 150 மைக்ரான் சல்லடையில் சலித்து அந்த நுண்பகுதியை ஆய்வுக்குக் கொடுங்கள். கையில் ஒட்டுவது அதுதான். வசதியிருந்தால் 37 பாகை வெப்பத்தில் பிஹெச் 1.5 கிளைசீன் கரைசலில் ஒரு மணி நேரம் கரைக்கும் சோதனையும் செய்யச் சொல்லலாம். இரைப்பையில் எவ்வளவு ஈயம் கரையும் என்று அது காட்டும்.

பென்சோ-ஏ-பைரீனுக்கு நேரம் செலவிட வேண்டாம். கட்டுமானத் தொழிலாளிக்கு நாளுக்கு 330 மி.கி. மண் உள்ளே போகிறது என்ற தாராளமான இயல்பு மதிப்பை வைத்து, தோலில் 3,527 சதுர செ.மீ. பரப்பில் சதுர செ.மீ.க்கு 0.3 மி.கி. மண் ஒட்டி அதில் 13 சதவீதம் ஊடுருவுகிறது என்று கூட்டினாலும், 80 கிலோ எடைக்கு 60 நாளில் வரும் புற்றுநோய் ஆபத்து 7 × 10⁻⁸ தான். பென்சீன் ஆவியோடு வைத்துப் பாருங்கள், 250 மடங்குக்கு மேல் சின்னது. கையிருப்புப் பணத்தை எதில் போடுவது என்று இந்த எண்ணே சொல்லிவிடும்.

நீர்மட்டம் எழுதியது:

தோல் வழியையும் முடித்துவிடுகிறேன். கலங்கிய நீரில் ஒரு மணி நேரம் கைகள் நனைந்தால், தோலில் பென்சீன் ஊடுருவும் வேகம் மணிக்கு 0.015 செ.மீ. என்று வைத்து, உள்ளே போவது ஏறத்தாழ 0.04 மி.கி. அதே ஆள் 4 மணி நேரம் 6.1 மி.கி. காற்றை மணிக்கு 1.5 கன மீட்டர் வீதம் இழுத்தால் மூக்கு வழியாகப் போவது சுமார் 37 மி.கி. தோல் கணக்கு இதில் தூசு.

ஒரே விதிவிலக்கு, நீர்மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தால். அப்போது மேலே போட்ட எல்லாக் கணக்கும் செல்லாது. தோல் பாதிப்பும் தீப்பற்றும் ஆபத்தும் முன்னால் வந்துவிடும். மெல்லிய நைட்ரில் கையுறை பெட்ரோலை வெகுநேரம் தாங்காது. பாலிவினைல் ஆல்கஹால் கையுறை பென்சீனைத் தாங்கும், ஆனால் நீர் பட்டால் கெட்டுவிடும். ஈரப் பள்ளத்தில் அதைக் கொடுக்காதீர்கள்.

மாதிரிக்குப்பி எழுதியது:

கணக்குக்கு முன்னால் தரவைச் சரி செய்யுங்கள். பள்ளம் 3 மீட்டர் போகிறது, மண் மாதிரி அரை மீட்டரில் நின்றுவிட்டது. வண்டிப் பணிமனையில் ஈயம் மேலே இருக்கும். தொட்டியிலிருந்து கசிந்த எரிபொருள் நீர்மட்டம் ஏறி இறங்கும் பட்டையில்தான் அப்பிக்கொண்டிருக்கும். 2 முதல் 3 மீட்டர் வரையிலான மாதிரி இல்லாமல் இந்த அறிக்கையில் பாதி இல்லை. குழாய்த் தடத்தின் நெடுகவே துளையிடுங்கள், மனை முழுக்கக் கட்டம் போட்டு அல்ல.

ஆவியாகும் பொருளுக்கான மண்ணைப் பல இடத்திலிருந்து எடுத்துக் கலக்கக் கூடாது. கலக்கும்போதே பென்சீன் போய்விடும். மண்ணுருளையிலிருந்து நேராக வெட்டி மெத்தனாலில் போட வேண்டும். நீருக்கு 40 மி.லி. குப்பி, குமிழி துளியும் இல்லாமல், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பிஹெச் 2-க்குக் கீழே இறக்கி, 4 பாகையில் வைத்து, 14 நாளுக்குள் ஆய்வு.

கண்காணிப்புக் கிணற்றின் சல்லடைக் குழாய் (நீர் உள்ளே வரும் துளையுள்ள பகுதி) எவ்வளவு நீளம் என்று பாருங்கள். 6 மீட்டர் சல்லடை என்றால் அடியிலுள்ள நல்ல நீரும் கலந்து, மேல்மட்ட நீரின் செறிவு நீர்த்துப் போயிருக்கும். பள்ளத்துக்குள் வரப்போவது மேல்மட்ட நீர். உங்கள் 0.8 மி.கி. குறைவான எண்ணாகவும் இருக்கலாம்.

ட்ரைகுளோரோஎத்திலீன் இருக்கும் இடத்தில் வினைல் குளோரைடையும் கேளுங்கள். எரிபொருள் மாசு நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். ஆக்சிஜன் இல்லாத நீரில் ட்ரைகுளோரோஎத்திலீன் படிப்படியாகச் சிதைந்து அதுவாக மாறும். ஆய்வகப் பட்டியலில் அது இல்லையென்றால் "கண்டறியப்படவில்லை" என்று அர்த்தமில்லை, தேடவில்லை என்று அர்த்தம்.

குழாய்வழி எழுதியது:

மிக்க நன்றி. கிணற்றுப் பதிவைப் பார்த்தேன், சல்லடை 4.5 மீட்டர் நீளம். 2 முதல் 3 மீட்டருக்கான மண் மாதிரிக்குச் சொல்லிவிட்டேன்.

இரண்டு கேள்வி. ஒன்று, ஒப்பந்தக்காரரின் பாதுகாப்பு அதிகாரி "தொழிலக வரம்பு பென்சீனுக்கு 1 பிபிஎம், 4 மணி நேரம் 1.9 பிபிஎம் என்றால் 8 மணி நேரச் சராசரி 0.96, வரம்புக்குள்தான்" என்கிறார். இரண்டு, மணிக்கு 1,500 கன மீட்டர் தள்ளும் ப்ளோவர் ஒன்று கையில் இருக்கிறது. அது போதுமா?

நீர்மட்டம் எழுதியது:

அவர் வகுத்தது சரி. ஆனால் 0.04 இடைவெளியை வைத்துக்கொண்டு ஆளை இறக்க முடியாது. நீர்ச்செறிவே இன்னும் உறுதியில்லை. 1 பிபிஎம் அமெரிக்கச் சட்ட வரம்பு. அதே நாட்டின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் பரிந்துரைப்பது 0.1 பிபிஎம். ட்ரைகுளோரோஎத்திலீனில் இடைவெளி இன்னும் அகலம்: 1971-இல் ஏற்ற சட்ட வரம்பு 100 பிபிஎம், அதாவது கன மீட்டருக்கு 537 மி.கி.; உடல்நலக் குறிப்புச் செறிவு 0.002 மி.கி.

தொழிலக வரம்பு, அந்த வேதிப்பொருளைத் தொழிலாகக் கையாள்கிற, பயிற்சியும் மருத்துவக் கண்காணிப்பும் உள்ள ஆளுக்கானது. குழாய் இணைக்க வந்தவர் பென்சீனோடு வேலை செய்ய வந்தவர் அல்ல. அவரை அந்த வரம்புக்குள் வைக்க வேண்டுமானால் அந்தப் பயிற்சியையும் இரத்தப் பரிசோதனையையும் முதலில் கொடுக்க வேண்டும். சட்டப்படி எந்த வரம்பு கட்டாயமோ அதைத் தாண்டக் கூடாது என்பது கீழ்க்கோடு. அதற்குள் இருந்தாலே பாதுகாப்பு என்று அதற்குப் பொருள் இல்லை.

ப்ளோவர்: பள்ளத்தின் கொள்ளளவு 20 × 1.2 × 3 = 72 கன மீட்டர். 1,500 / 72 = மணிக்கு 21 முறை. காற்று மாற்றம் பத்து மடங்கு கூடுவதால் பென்சீன் 0.2 பிபிஎம் அருகில் வரும். ட்ரைகுளோரோஎத்திலீனின் ஈவு 24-இலிருந்து 2.3-க்கு இறங்கும், இன்னும் 1-க்கு மேல். அதுவும் காற்று சீராகக் கலந்தால். ஒரு முனையில் வைத்து ஊதினால் மறுமுனையில் தேங்கும். இந்த ஆவிகள் காற்றைவிடக் கனம், பென்சீன் 2.7 மடங்கு, ட்ரைகுளோரோஎத்திலீன் 4.5 மடங்கு. ப்ளோவரின் காற்றுக் குழாய் வாயைப் பள்ளத்தின் அடித்தரைக்கு அருகே கொண்டுபோய், நடுவில் பிரித்து இரண்டு இடத்தில் விடுங்கள். ப்ளோவர் காற்றை இழுக்கும் இடம் ஜெனரேட்டர் புகைக்கும் பம்ப் வெளியேற்றத்துக்கும் எதிர்த் திசையில் இருக்கட்டும். பக்க மண் சரியாமல் தாங்கும் பலகைப் பெட்டிக்குள் காற்று இன்னும் மந்தம்.

நீர்ப்பரப்பையே இல்லாமல் செய்வதுதான் பெரிய வெட்டு. பள்ளத்துக்கு வெளியே வெல்பாயின்ட் (நீரை உறிஞ்சும் சிறு கிணற்றுக் குழாய்) இறக்கி, நீர்மட்டத்தைப் பள்ளத்தின் அடித்தரைக்கு அரை மீட்டர் கீழே இறக்கிவிட்டுத் தோண்டுங்கள். ஈர மண்ணின் துளைகள் வழியாக ஆவி ஊடுருவி வருவது திறந்த நீரிலிருந்து எழுவதைவிட மிக மெதுவானது. பள்ளத்துக்குள்ளேயே பம்பை வைத்து இறைப்பது இதற்கு நேர்மாறு: நீரைக் கலக்கி ஆவியைக் கூட்டும். எப்படி இறைத்தாலும் மாசின் மையத்திலிருந்து நீர் உங்கள் பக்கம் இழுபடும். வெளிவரும் நீரை முதல் வாரம் தினமும், பிறகு வாரம் ஒருமுறை ஆய்வுக்கு அனுப்புங்கள். செறிவு ஏறினால் கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

தூசுமானி எழுதியது:

அளவீடு பற்றி. ஆட்களை இறக்கும் முன் மிக மோசமான இடத்தில் 3 மீட்டர் நீளச் சோதனைக் குழி ஒன்று தோண்டி, ஆள் இறங்காமல் கயிற்றில் காற்று மாதிரி எடுங்கள். பென்சீனுக்குச் சார்கோல் குழாய், நிமிடத்துக்கு 0.1 லிட்டர், 4 மணி நேரம். 24 லிட்டர் வரும். 0.2 வைத்தால் 48 லிட்டராகி, குழாய் நிரம்பிப் பின்பக்கம் கசியலாம். ட்ரைகுளோரோஎத்திலீனை 2 மைக்ரோகிராம் மட்டத்தில் பார்க்கச் சார்கோல் போதாது, வெற்றிடக் கேனிஸ்டர் வேண்டும்.

தினசரிக்கு பிஐடி கருவி (ஆவியைப் புற ஊதா விளக்கால் அயனியாக்கி உடனுக்குடன் அளப்பது). 10.6 எலக்ட்ரான் வோல்ட் விளக்கு பென்சீன், ட்ரைகுளோரோஎத்திலீன், வினைல் குளோரைடு மூன்றையும் பார்க்கும், ஆனால் பிரித்துச் சொல்லாது. மீத்தேனைப் பார்க்கவே பார்க்காது. அதற்குத் தனியாக எரிவாயு உணரி. கருவி ஐசோபியூட்டிலீன் என்ற வாயுவை வைத்து அளவுதிருத்தப்பட்டிருக்கும். காட்டும் எண்ணை 0.53-ஆல் பெருக்கினால் பென்சீன். பள்ளத்து ஈரக்காற்றில் பிஐடி குறைத்துக் காட்டும் என்பதையும் மனதில் வையுங்கள்.

விளிம்பில் நின்று கையை நீட்டி அளப்பது பயனில்லை. குனிந்து குழாய் இணைப்பவரின் மூக்கு எங்கே இருக்குமோ அங்கிருந்து 30 செ.மீ.க்குள் அளக்க வேண்டும். ஒவ்வொரு முறை இறங்கும் முன்னும், சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகும், ப்ளோவர் நின்று மீண்டும் ஓடும்போதும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே, அல்லது எரிவாயு கீழ்வெடிப்பு எல்லையின் (தீப்பற்றத் தேவையான மிகக் குறைந்த செறிவின்) 10 சதவீதத்துக்கு மேலே போனால் உடனே ஏறிவிட வேண்டும். வடிகட்டி முகமூடி ஆக்சிஜன் குறைவுக்கு எந்த வகையிலும் உதவாது.

ஈயத்துக்கு: பள்ளத்திலிருந்து ஏறும் இடத்திலேயே கைகழுவும் தொட்டி, மாற்று உடை, காலணி கழுவும் தட்டு. சாப்பிடும் இடம் வேலிக்கு வெளியே. வேலை தொடங்கும் முன் ஒரு இரத்த ஈயப் பரிசோதனை, ஆறாவது வாரத்தில் இன்னொன்று. முதல் பரிசோதனை இல்லாவிட்டால் இரண்டாவதில் வரும் எண் இந்த மனையில் ஏறியதா, முன்பே இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.